எம்டன்: அப்பாக்களுக்குப் பட்டப்பெயர் தந்த கப்பலை ஓட்டியவர் யார்?

கண்டிப்பான அப்பா என்றால் அவர் எம்டன். லீவு கேட்டால் முறைக்கிற மேனேஜர் எம்டன். பரீட்சை ஹாலில் கழுகு மாதிரி சுற்றிவரும் வாத்தியாரும் எம்டன்தான். 2006-ல் வந்த ‘எம் மகன்’ படத்துக்கு முதலில் வைத்த பெயரே ‘எம்டன் மகன்’ என்பது சினிமா ரசிகர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல், 1914-ல் சென்னை மேல் குண்டு போட்டது என்பது வரை பலருக்கும் தெரியும். அந்தக் கப்பலை ஓட்டியவர் யார் என்று கேட்டால்தான் பதில் வராது. வந்தாலும் பெரும்பாலும் தப்பான பெயர் வரும்.

அவர் பெயர் கார்ல் ஃபான் முல்லர். தமிழில் ‘எம்டன்’ என்ற சொல்லுக்கு நாம் கொடுத்திருக்கும் அர்த்தத்துக்கும் அந்த மனிதருக்கும் சம்பந்தமே இல்லை. அதிகம் பேசாத, கூச்ச சுபாவமுள்ள, அடிக்கடி காய்ச்சலில் விழுகிற ஆள் அவர். அவர் எப்படி ஒரு பெருங்கடலையே நடுங்க வைத்தார்? சென்னையைச் சுட்ட கப்பல், அதே கடற்கரையில் இருந்த எதிரி நாட்டு ஊரான புதுச்சேரியை ஏன் சுடவில்லை? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த முல்லர்?

1873 ஜூன் 16-ம் தேதி ஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தார் முல்லர். அப்பா பிரஷ்ய ராணுவத்தில் கர்னல். மகனும் ராணுவப் பள்ளியில்தான் சேர்ந்தார். ஆனால் 1891-ல் கடற்படைக்கு மாறிவிட்டார். பயிற்சிக் கப்பல்கள், பிறகு பெரிய போர்க்கப்பல்களில் சிக்னல் அதிகாரி என்று படிப்படியாகத்தான் மேலே வந்தார்.

நடுவில் ஒரு சின்ன கப்பலில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். அப்போது அந்தப் பகுதி ஜெர்மனியின் காலனி. அங்கே அவருக்கு மலேரியா வந்தது. அந்தக் காய்ச்சல் அவரை ஆயுள் முழுக்க விடவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடியும் வரும்.

1908-ல் பதவி உயர்வோடு பெர்லினில் உள்ள கடற்படை அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டார். அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அட்மிரல் டிர்பிட்ஸ். உலகத்தையே மாற்றிய ஒரு கப்பல் போட்டியின் மூளை அவர்தான்.

அது என்ன கப்பல் போட்டி?

புதுச்சேரிக்காரர்களுக்குக் கடற்படைப் போட்டி புதுசு இல்லை. ஒயிட் டவுனில் சஃப்ரென் வீதி என்று ஒன்று இருக்கிறதே, அந்த சஃப்ரென் 1780-களில் இந்தக் கடலில் ஆங்கிலேயக் கப்பல்களோடு திரும்பத் திரும்ப மோதிய பிரெஞ்சுத் தளபதி. அதற்கும் முன்பே, 1746 செப்டம்பரில், பிரெஞ்சுக் கப்பல்கள் வடக்கே போய் சென்னையைச் சுட்டுப் பிடித்தன. ஆக, சென்னை மேல் கடலிலிருந்து குண்டு விழுந்தது 1914-ல் முதல் தடவை இல்லை.

ஆனால் 1900-களில் ஆட்டம் மாறியிருந்தது. பழைய எதிரிகளான பிரிட்டனும் பிரான்ஸும் 1904-ல் சமரசம் ஆகிவிட்டன. புது எதிரி ஜெர்மனி. அதுவரை கடல் என்றால் பிரிட்டன்தான். தனக்கு அடுத்த இரண்டு நாடுகளின் கடற்படையைச் சேர்த்துவைத்தாலும் தன்னுடையது பெரிதாக இருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் கொள்கை. ஜெர்மனி 1898-லும் 1900-லும் கடற்படைச் சட்டங்கள் போட்டு, வரிசையாகப் போர்க்கப்பல் கட்ட ஆரம்பித்தது. டிர்பிட்ஸ் திட்டம் அது.

பிரிட்டன் சும்மா இருக்கவில்லை. 1906-ல் ‘டிரெட்நாட்’ என்ற ராட்சதக் கப்பலை இறக்கியது. சுமார் 18,000 டன் எடை, 12 அங்குல வாய் கொண்ட 10 பெரிய பீரங்கிகள், டர்பைன் எஞ்சின். அந்த ஒரு கப்பல் வந்ததும், உலகத்தில் இருந்த மற்ற எல்லா பெரிய போர்க்கப்பல்களும் ஒரே நாளில் பழசாகிவிட்டன. புது மாடல் போன் வந்ததும் கையில் இருப்பது பழசாகிவிடுவது மாதிரி. உடனே ஜெர்மனியும் அதே மாதிரி கட்டியது. பிரிட்டன் இன்னும் அதிகம் கட்டியது. இரண்டு நாட்டு மக்களின் வரிப் பணமும் இரும்பாக மாறி வடகடலில் எதிரெதிரே நின்றது.

இந்தப் போட்டியில் எம்டன் ஒரு பொடிசு. 1908-ல் கடலில் இறக்கப்பட்டபோது அதன் எடை சுமார் 3,600 டன். அதாவது டிரெட்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. 10.5 சென்டிமீட்டர் வாய் கொண்ட 10 சின்ன பீரங்கிகள். வேகம் மணிக்கு 23-24 கடல் மைல். புது டர்பைன்கூட கிடையாது, பழைய பிஸ்டன் எஞ்சின். ஆனால் பார்க்க அழகான கப்பல். கிழக்கின் அன்னம் என்று அதற்குச் செல்லப் பெயர்.

1913-ல் முல்லர் இந்தக் கப்பலுக்கு கேப்டன் ஆனார். இடம், சீனக் கரையில் ஜெர்மனியின் கையில் இருந்த சிங்தாவ் துறைமுகம். பெரிய கப்பல்களைக் கட்டும் அமைச்சகத்தில் வேலை பார்த்தவருக்கு, அந்தப் போட்டியில் யாரும் கணக்கில் வைக்காத ஒரு சின்ன கப்பல்.

தனியாகப் போகிறேன் என்றவர்

1914 ஜூலை 31-ம் தேதி மாலை, போர் அறிவிப்பு வருவதற்கு முன்பே, எம்டன் சிங்தாவை விட்டுக் கிளம்பியது. துறைமுகத்தில் நின்றால் மாட்டிக்கொள்வோம் என்று முல்லருக்குத் தெரியும். ஆகஸ்ட் 4-ல் ரியாசான் என்ற ரஷ்யக் கப்பலைப் பிடித்தார்.

அதன்பிறகு பசிபிக் கடலில் பாகன் என்ற தீவில் ஜெர்மனியின் கிழக்கு ஆசியப் படை மொத்தமும் கூடியது. தளபதி அட்மிரல் ஷ்பே. எல்லோரும் சேர்ந்து தென் அமெரிக்கா பக்கம் போவது என்று முடிவு. அங்கேதான் அதிகம் பேசாத முல்லர் ஒரு யோசனை சொன்னார். ஒரே ஒரு சின்ன குரூசரை மட்டும் இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பலாம் என்பது அந்த யோசனை. ஷ்பே ஒத்துக்கொண்டு, முல்லரையே போகச் சொன்னார்.

இதன் பின்னால் இருந்தது வெறும் வீரம் இல்லை, கணக்கு. அந்தக் காலக் கப்பல் நிலக்கரியில் ஓடியது. பெரிய படைக்கு மலை மாதிரி கரி வேண்டும். எதிரி நாட்டுத் துறைமுகங்களே சுற்றியுள்ள கடலில் அது கிடைக்காது. ஒற்றைக் கப்பல் என்றால், பிடிக்கிற கப்பலில் இருக்கும் கரியை எடுத்தே ஓட்டிவிடலாம். இந்தியப் பெருங்கடல் முழுக்க பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்கள், காவலும் குறைவு. பிரிட்டனின் பெரிய கப்பல்கள் எல்லாம் வடகடலில் ஜெர்மனியைக் காவல் காத்துக்கொண்டிருந்தன. கப்பல் போட்டியில் பிரிட்டன் ஜெயித்த விதமே, இங்கே ஒரு காலி இடத்தை உண்டாக்கியிருந்தது. முல்லர் அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டார்.

ஒரு நிலக்கரிக் கப்பலை மட்டும் துணைக்குக் கூட்டிக்கொண்டு, இந்தோனேசியத் தீவுகளுக்கு நடுவே நுழைந்து, செப்டம்பர் தொடக்கத்தில் வங்கக் கடலுக்கு வந்துசேர்ந்தார். எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். அந்தப் பக்கம் சுற்றிய யார்மவுத் என்ற பிரிட்டிஷ் குரூசருக்கு நான்கு. கேன்வாஸ் துணியில் நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி செய்து மாட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல். அவ்வளவுதான், வேஷம் ரெடி.

ஐந்து நாள், ஆறு கப்பல்

செப்டம்பர் 10-ல் வேட்டை ஆரம்பித்தது. 14-ம் தேதிக்குள், இண்டஸ், லோவாட், கில்லின், டிப்ளமாட், டிராபாக், கிளான் மேத்தசன் என ஆறு பிரிட்டிஷ் கப்பல்கள் கடலுக்கு அடியில் போய்விட்டன. இதில் டிப்ளமாட் நிறைய தேயிலை. இண்டஸில் சோப்புப் பெட்டிகள். எம்டனில் அப்போது சோப்புக்குத் தட்டுப்பாடு, ஆட்கள் அள்ளிக்கொண்டார்கள்.

முல்லரின் முறை எப்போதும் ஒன்றுதான். முதலில் கப்பலை நிறுத்துவார். ஆயுதத்தோடு சில பேரைப் படகில் அனுப்பி, காகிதங்களைச் சோதிப்பார். நடுநிலை நாட்டுக் கப்பல் என்றால் விட்டுவிடுவார். எதிரிக் கப்பல் என்றால், அதில் இருந்த எல்லோரையும் இறக்கிய பிறகுதான் மூழ்கடிப்பார். கபிங்கா என்ற கப்பலில் அதன் கேப்டனின் மனைவியும் குழந்தையும் இருந்தார்கள். சரக்கில் பெரும்பகுதி அமெரிக்காக்காரர்களுடையது. அதை மூழ்கடிக்காமல், அதுவரை பிடித்த கைதிகள் எல்லோரையும் அதில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவைத்தார். தங்கள் கப்பல்களை இழந்த மாலுமிகள், விடைபெறும்போது எம்டனைப் பார்த்து ஆரவாரம் செய்துவிட்டுப் போனார்கள். இது நம்ப முடியாத விஷயமாக இருக்கலாம். ஆனால் நடந்தது.

கொல்லாமலே செய்த சேதம் பெரிது. ஒரே ஒரு கப்பல் எங்கோ சுற்றுகிறது என்ற பயத்தில் கப்பல்கள் துறைமுகங்களிலேயே நின்றன. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. முதல் ஒரு மாதத்தில் இந்தப் பகுதியின் ஏற்றுமதி மதிப்பு 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது.

செப்டம்பர் 22: சென்னை இரவு

1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. சென்னையில் போர்க்கால எச்சரிக்கை எதுவும் பெரிதாக இல்லை. கலங்கரை விளக்கம் வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது. அது அப்போது உயர் நீதிமன்றக் கட்டடத்தின் மேலேயே இருந்தது. இரவில் எம்டன் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரத்துக்கு வந்து, சர்ச் லைட்டைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டேங்குகளைக் குறிவைத்தது.

சுமார் 130 குண்டுகள். இரண்டு டேங்குகள் பற்றி எரிந்தன, வேறு சிலதும் சேதமாயின. துறைமுகத்தில் நின்ற ஒரு வணிகக் கப்பல் மேலும் குண்டு பட்டது, அதில் உயிர்கள் போயின. தாண்டி வந்த ஒரு குண்டு உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் விழுந்தது. அந்த இடத்தில் இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அடுத்த நாட்களில் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் ஆயிரக்கணக்கில்.

முல்லரின் நோக்கம் ஊரை அழிப்பது இல்லை. எண்ணெயை எரிப்பது, வியாபாரத்தை முடக்குவது, பிரிட்டனை யாரும் தொட முடியாது என்று நம்பிய இந்தியர்களுக்கு வேறு ஒரு காட்சியைக் காட்டுவது. இந்தக் கடைசி நோக்கம்தான் அவர் நினைத்ததைவிட அதிக நாள் வேலை செய்தது. எண்ணெய்த் தீ அணைந்துபோனது. ‘எம்டன்’ என்ற சொல் அணையவில்லை. சொல்லைக் கேட்டாலே எமன் ஞாபகம் வருகிற ஒலி வேறு.

இதில் ஒரு ஒற்றுமையைக் கவனிக்க வேண்டும். அதே செப்டம்பர் 22 காலையில், வடகடலில் ஒரே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் மூன்று பிரிட்டிஷ் குரூசர்களை அடுத்தடுத்து மூழ்கடித்தது. சுமார் 1,450 பேர் இறந்தார்கள். இருபது வருடமாக ராட்சதக் கப்பல்களில் கொட்டிய பணத்துக்கு, ஒரே நாளில் இரண்டு சின்ன கப்பல்கள் இரண்டு கடல்களில் பதில் சொல்லிவிட்டன.

புதுச்சேரி ஏன் தப்பியது?

இப்போது நம்ம ஊர் கேள்விக்கு வருவோம். 1914-ல் புதுச்சேரி பிரெஞ்சு நகரம். பிரான்ஸ் ஜெர்மனியோடு போரில் இருந்தது. சட்டப்படி பார்த்தால் சென்னை மாதிரியே புதுச்சேரியும் எதிரி ஊர்தான். சென்னையிலிருந்து 150 கிலோமீட்டர்தான் தூரம். சென்னையைச் சுட்ட பிறகு எம்டன் தெற்கே, இலங்கையைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போனது. வழியில் இருக்கும் ஊர் இது.

காவலும் கிடையாது. பிரான்ஸ் தன் முக்கியக் கப்பல்களை மத்தியதரைக் கடலில் குவித்திருந்தது. கிழக்கே பிரெஞ்சுப் பகுதிகளைக் கடல் வழியாகக் காப்பாற்றும் வேலை பெரும்பாலும் பிரிட்டன் தலையில்தான். 150 வருடத்துக்கு முன்னால் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டம் ஆக்கிய அதே பிரிட்டனின் தயவில்தான் 1914-ல் இந்த ஊர் இருந்தது.

அப்படியும் ஒரு குண்டுகூட விழவில்லை. முல்லரின் வேலைமுறையைப் பார்த்தால் காரணம் புரியும். அவர் தேடியது கரி, எண்ணெய், சரக்குக் கப்பல். புதுச்சேரியில் சுவர் கட்டிய துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழக்கடலில் நங்கூரம் போடும், ஆட்களும் சரக்கும் மசூலா படகில் கரைக்கு வரும். ஒரு இரும்புக் கடல்பாலம் இருந்தது, அவ்வளவுதான். 1952 புயலில் போன அந்தப் பழைய பாலத்தின் மேல் குண்டு போட்டு அவருக்கு என்ன கிடைத்திருக்கும்? குண்டு எண்ணிக்கையும் அளவோடுதான் இருந்தது. தீர்ந்தால் நிரப்ப இந்தக் கடலில் இடம் கிடையாது.

ஆனால் ஊர் அமைதியாக இருந்தது என்று அர்த்தம் இல்லை. அப்போது பாரதியார், வ.வே.சு.ஐயர், அரவிந்தர் மூவரும் புதுச்சேரியில்தான் தங்கியிருந்தார்கள். பிரிட்டிஷ் போலீஸின் உளவாளிகள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். போரில் பிரிட்டனும் பிரான்ஸும் கூட்டாளிகள் ஆனதும், இவர்களைப் பிடித்துக் கொடு, இல்லாவிட்டால் வேறு இடத்துக்கு அனுப்பு என்ற நெருக்கடி கூடியது. பிரெஞ்சு மண் என்ற பாதுகாப்பு அந்த நாட்களில் ரொம்ப மெலிந்துபோயிருந்தது.

செண்பகராமன் பிள்ளை கப்பலில் இருந்தாரா?

எம்டன் பற்றிப் பேசினாலே வரும் பெயர் இது. எம்டனை ஓட்டி வந்ததே செண்பகராமன் பிள்ளைதான், சென்னையைச் சுட வழிகாட்டியவர் அவர்தான் என்று வாட்ஸ்அப்பில் வருடா வருடம் சுற்றும். சில மேடைகளிலும் பேசப்படும்.

சுருக்கமான பதில்: இல்லை. திருவனந்தபுரத்தில் பிறந்த செண்பகராமன் ஜெர்மனியின் உதவியோடு பிரிட்டனுக்கு எதிராக வேலை செய்தவர் என்பது உண்மை. அது சின்ன விஷயமும் இல்லை. ஆனால் 1914-ல் அவர் இருந்தது ஐரோப்பாவில். முதலில் சுவிட்சர்லாந்தின் சூரிச், பிறகு பெர்லின். எம்டன் கிளம்பியதோ சீனக் கரையிலிருந்து, நடுவில் எந்த ஐரோப்பியத் துறைமுகத்தையும் தொடவில்லை. கப்பலில் இருந்த அதிகாரிகள் பின்னாளில் பயணம் முழுவதையும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். இந்தக் கதை ஏன் பிடித்துப்போனது என்பது புரிகிறது. பிரிட்டிஷாரை ஓடவைத்த கப்பலில் நம்ம ஆள் ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்ற ஆசை. ஆனால் அந்த ஆசை, செண்பகராமன் உண்மையில் செய்த வேலையையும் மறைக்கிறது, முல்லரையும் மறைக்கிறது.

பினாங்கு: பிரெஞ்சுக் கொடியோடு நடந்த இறுதிச் சடங்கு

சென்னைக்குப் பிறகு இலங்கை, மினிக்காய் பக்கம் இன்னும் பல கப்பல்கள் மாட்டின. நடுவில் அக்டோபரில் டியேகோ கார்சியா தீவுக்குப் போனபோது, அங்கிருந்தவர்களுக்குப் போர் நடப்பதே தெரியாது. எம்டன் ஆட்கள் அதைச் சொல்லாமல், அவர்களின் பழுதான மோட்டார் படகை ரிப்பேர் செய்துகொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அக்டோபர் 28 விடியற்காலை பினாங்கு. அன்றைக்கும் தமிழர்கள் நிறைய வாழ்ந்த துறைமுக ஊர். பொய்ப் புகைபோக்கியை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தது எம்டன். நெருங்கியதும் ஜெர்மன் கொடியை ஏற்றி, அங்கே நின்ற ஜெம்சுக் என்ற ரஷ்ய குரூசரை டார்பிடோவால் தாக்கியது. 80-க்கும் மேற்பட்ட ரஷ்யர்கள் இறந்தார்கள். கப்பலின் கேப்டன் அப்போது கரையில் இருந்தார்.

வெளியே வரும்போது எதிரே வந்தது மூஸ்கே. பிரெஞ்சு டெஸ்ட்ராயர், எம்டனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத சின்ன கப்பல். சில நிமிடங்களில் அதுவும் மூழ்கியது. எதிரிக் கப்பல்கள் எந்த நேரமும் வரலாம் என்ற நிலையிலும், முல்லர் கப்பலை நிறுத்தி, தண்ணீரில் தத்தளித்த 36 பேரைத் தூக்கிக்கொண்டார். காயத்தால் கப்பலிலேயே இறந்த மூன்று பேரின் உடல்களைப் பிரெஞ்சுக் கொடி போர்த்தி, ராணுவ மரியாதையோடு கடலில் அடக்கம் செய்தார்கள். மற்றவர்களை, வழியில் நிறுத்திய நியூபர்ன் என்ற பிரிட்டிஷ் கப்பலில் ஏற்றி, சிகிச்சைக்கு அனுப்பிவைத்தார். அந்தக் கப்பலை மூழ்கடிக்கவில்லை.

முல்லரை ‘ஜென்டில்மேன்’ என்று எதிரிகளே எழுதியது இப்படித்தான். ஆனால் இங்கே நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். தூங்கிக்கொண்டிருந்த ஜெம்சுக் மாலுமிகளுக்கு அந்த மரியாதை எந்தப் பயனும் தரவில்லை. சென்னைத் துறைமுகத்தில் இறந்தவர்களுக்கும் அப்படித்தான். அவர் போரின் விதிகளை மதித்தார். போரையே மென்மையாக்க அவராலும் முடியவில்லை.

கோகோஸ்: கடைசிக் காலை

நவம்பர் 9. ஆஸ்திரேலியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில் கோகோஸ் தீவுகள். அங்கே இருந்த தந்தி நிலையத்தை அழித்தால் பிரிட்டனின் தகவல் தொடர்பு அறுந்துவிடும். முல்லர் சுமார் 50 பேரைக் கரைக்கு அனுப்பினார். ஆனால் நிலையத்தில் இருந்தவர்கள் அந்நியக் கப்பலைப் பார்த்ததுமே வயர்லெஸில் உதவி கேட்டுவிட்டார்கள்.

சுமார் 50 மைல் தூரத்தில், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய கப்பல் வரிசை போய்க்கொண்டிருந்தது. அதன் காவலில் இருந்த ‘சிட்னி’ குரூசர் பிரிந்து வந்தது. எம்டனைவிடப் பெரியது, வேகமானது, பீரங்கியும் பெரிது. கரைக்குப் போன ஆட்களைக் கூப்பிட்டுக்கொள்ளக்கூட நேரம் இல்லை. பயிற்சி பெற்ற பீரங்கி ஆட்கள் பலர் கரையில்.

எம்டனின் முதல் குண்டுகள் சிட்னி மேல் பட்டன. அதன்பிறகு சிட்னி தூரத்தில் நின்றுகொண்டு அடித்தது. இரண்டு மணி நேரத்துக்குள் எம்டனின் புகைபோக்கிகள் சரிந்தன, பீரங்கிகள் மௌனமாயின. மூழ்கினால் எல்லோரும் சாவார்கள் என்று, முல்லர் கப்பலைத் தீவின் பவளப் பாறையில் கொண்டுபோய் மோதி நிறுத்தினார்.

அவர் வாழ்க்கையில் விவாதத்துக்குரிய இடம் இதுதான். கப்பல் பாறையில் கிடந்தது. ஆனால் ஜெர்மன் கொடி கம்பத்தில் அப்படியே இருந்தது. எம்டனின் நிலக்கரிக் கப்பலைத் துரத்திவிட்டுத் திரும்பிய சிட்னி, சரணடையச் சொல்லி சிக்னல் கொடுத்தது. சிக்னல் புத்தகம் அழிக்கப்பட்டிருந்ததால் எம்டனிலிருந்து சரியான பதில் போகவில்லை. கொடி இறங்காததால் சிட்னி மறுபடியும் சுட்டது. மேலும் பலர் இறந்த பிறகே கொடி இறங்கியது, வெள்ளைத் துணி ஏறியது. அந்தக் கொடியை முன்பே இறக்கியிருந்தால்? அந்தக் கேள்வி முல்லரையும் சிட்னியின் கேப்டன் கிளாசப்பையும் சேர்த்தே துரத்துகிறது.

மொத்தம் 133 பேர் இறந்தார்கள். கப்பலில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கரையில் விடப்பட்ட குழு மட்டும் தப்பியது. அவர்கள் ஒரு பாய்மரப் படகைப் பிடித்து, சுமத்ரா, ஏமன் வழியாக 1915-ல் துருக்கி போய்ச் சேர்ந்தது தனிக் கதை.

மூன்றே மாதம். சுமார் 30,000 மைல் பயணம். இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் பிடிபட்டன, இரண்டு போர்க்கப்பல்கள் மூழ்கின. அதோடு எம்டன் கதை முடிந்தது. முல்லரைத் தனியே அனுப்பிய அட்மிரல் ஷ்பேயும் டிசம்பர் 8-ல் ஃபாக்லாந்து தீவுகள் அருகே தன் கப்பல்களோடு மூழ்கினார்.

சிறையும் காய்ச்சலும்

உயிர் தப்பிய முல்லர் மால்டா தீவில் கைதியாக இருந்தார். 1916-ல் இங்கிலாந்துக்கு மாற்றப்பட்டார். 1917 செப்டம்பரில், சட்டன் பானிங்டன் முகாமிலிருந்து சுரங்கம் தோண்டித் தப்பிய சுமார் இருபது அதிகாரிகளுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். பிடிபட்டுவிட்டார். பழைய மலேரியா மறுபடி தாக்கியது. சிகிச்சைக்காக நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டு, 1918 அக்டோபரில் ஜெர்மனி திரும்பினார்.

நாட்டின் உயர்ந்த ராணுவ விருது கிடைத்தது. உடல்நிலை காரணமாக 1919-ல் ஓய்வு பெற்றார். கல்யாணம் ஆனது, இரண்டு மகள்கள் பிறந்தார்கள். பிரவுன்ஷ்வைக் மாகாண சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எம்டன் பற்றிப் பலரும் புத்தகம் எழுதிப் பேர் வாங்கிய காலம் அது. ஆனால் கேப்டன் மட்டும் எழுத மறுத்துவிட்டார். தன்னோடு வந்தவர்களின் ரத்தத்தில் காசு பார்ப்பது போல் ஆகிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். 1923 மார்ச் 11-ம் தேதி திடீரென்று இறந்துபோனார். வயது 49.

என்ன மிச்சம்?

எம்டனில் இருந்து உயிரோடு திரும்பியவர்கள் தங்கள் குடும்பப் பெயரோடு ‘எம்டன்’ என்று சேர்த்துக்கொள்ள ஜெர்மனியில் அனுமதி தரப்பட்டது. அங்கே அது பரம்பரைக்கும் தொடரும் கௌரவம். இங்கே அது கண்டிப்பான அப்பாவின் பட்டப்பெயர். ஒரே பெயர் இரண்டு மொழியில் இரண்டு வேலை பார்க்கிறது.

அந்தப் போருக்குப் புதுச்சேரியும் விலை கொடுத்தது. பிரெஞ்சு இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் பிரான்ஸுக்காகச் சண்டை போடப் போனார்கள், பலர் திரும்பவில்லை. கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் இருக்கும் போர் நினைவுச் சின்னம் அவர்களுக்காகக் கட்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே செல்ஃபி எடுப்பவர்கள் அதிகம், உள்ளே உள்ள பெயர்களைப் படிப்பவர்கள் குறைவு.

எந்தப் பேரரசு பெரிய கப்பல் கட்டுவது என்ற போட்டியில், அந்தக் கப்பல்களோடு சம்பந்தமே இல்லாத ஊர்களின் ஆட்கள் செத்தார்கள். எதிர்த் தரப்பில் நின்று அந்தப் போரை நடத்திய முல்லர், தன் ஆட்களின் சாவைக் கதையாக விற்க மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டார். அவர் பேசாமல் விட்ட இடத்தைத்தான் ‘எம்டன்’ என்ற சொல்லாலும் செண்பகராமன் கதையாலும் நாம் நிரப்பிக்கொண்டோம்.